பிளாக்பூலுக்கு அரை நாள் போதாதுங்க, ராத்திரி தங்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பயணம் பக்கத்துல பிரிட்டனுக்கு போறவங்களுக்காக வந்த கட்டுரைய படிச்சேன். லண்டன் நல்லா எழுதியிருந்தாங்க, எடின்பரோவும் பரவால்ல, கடற்கரை ஊர்னு வந்தப்போ பிரைட்டனுக்கு அரைப் பக்கம், பிளாக்பூலுக்கு ரெண்டே வரி, அதுவும் என்னன்னா பழசாப் போன ஊரு, மான்செஸ்டர் பக்கம் இருக்கறவங்க வேணும்னா அரை நாள் போயி டவர பாத்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம்னு. அந்த ரெண்டு வரிக்கு பதில் சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும். வெட்டித்தான் ஆகணும்னா கெஸ்ட் ஹவுஸ் பத்தி எழுதியிருக்கறத மட்டும் விட்டு வைங்க, அதுதான் நம்மாளுங்களுக்கு உபயோகம்.

பிரைட்டன நான் குறை சொல்லல. அங்க ராயல் பெவிலியன்னு நம்ம நவாப் அரண்மனை கணக்கா கும்மட்டம் எல்லாம் வெச்சு ஒரு மாளிகை இருக்கு, முதல் உலகப் போர்ல காயம்பட்ட இந்திய சிப்பாய்ங்களுக்கு அத ஆஸ்பத்திரியாவே மாத்தி வெச்சிருந்தாங்க, அதுக்காகவே நாம போயி பாக்கணும். ஆனா பிரைட்டன் லண்டன்ல இருந்து ஒரு மணி நேர ட்ரெயின், காலைல போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம், பீச்சு பூரா கூழாங்கல்லு, வயசானவங்களுக்கு நடக்கவே கஷ்டம். பிளாக்பூல்ல மணல், மைல் கணக்குல மணல். நம்ம மும்பை மாதிரியே மேற்கு பாத்த கடல், சூரியன் தண்ணிக்குள்ளதான் இறங்கும், ஜூன் மாசத்துல அது இறங்கறதுக்கு ராத்திரி ஒம்பதரை தாண்டிடும். அரை நாள் போறவங்க அந்த நேரத்துல திரும்பி வர்ற ட்ரெயின்ல உக்காந்திருப்பாங்க.

எங்க பொண்ணும் மாப்பிள்ளையும் மான்செஸ்டர் பக்கத்துல போல்டன்ல இருக்காங்க. மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலின்னு இப்போ எந்த சொசைட்டிய எடுத்தாலும் ஒரு வீட்டுலயாவது பிள்ளைங்க அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியிலயோ ஐடியிலயோ வேலை பாக்குதுங்க, அப்பா அம்மா ஆறு மாச விசிட்டர் விசால போயி உக்காந்திருக்காங்க. போன புதுசுல லண்டன் காட்டிடுவாங்க, அப்புறம் அதுங்களுக்கு ஷிப்ட், லீவு கிடையாது, நாம ஹீட்டர் பக்கத்துல உக்காந்து சீரியல் பாக்க வேண்டியதுதான், அதுக்கு மாட்டுங்காவுலயே இருந்திருக்கலாமேன்னு எங்க வீட்டுக்காரர் தினம் ஒரு தடவ சொல்லுவாரு. இப்படி இருக்கறவங்களுக்குன்னு யாரும் எழுத மாட்டேங்கறாங்க, எழுதறதெல்லாம் ஹனிமூன் ஜோடிக்கும் ஐரோப்பா பேக்கேஜ்காரங்களுக்கும்தான். போல்டன்ல ட்ரெயின் ஏறினா பிளாக்பூல் நார்த் ஸ்டேஷன் ஒரு மணி நேரம் சொச்சம். 2024-ல இருந்து ட்ராமும் அந்த ஸ்டேஷன் பக்கத்துக்கே வந்துடுது, பெட்டிய இழுத்துக்கிட்டு நடக்க வேண்டாம். பிள்ளைங்க கூட வரலன்னாலும் வயசானவங்க ரெண்டு பேர் தனியாவே போயிட்டு வரலாம், நாங்க அப்படித்தான் போனோம்.

பகல்ல மட்டும் பாத்தா கட்டுரை எழுதினவர் சொன்னதுல தப்பில்லன்னுதான் தோணும். ரோடு ஓரம் பூரா காசு போட்டு விளையாடற மெஷின், பெயிண்ட் உரிஞ்ச ஹோட்டல், சிப்ஸ் கடை, தொப்பி கடை. ஆனா அந்த ஊர கட்டினதே வந்து தங்கறவங்களுக்காக, பாத்துட்டு ஓடறவங்களுக்காக இல்ல. 1846-ல ரயில் வந்துச்சு. அதுக்கப்புறம் பிளாக்பூல் இருக்கற லங்காஷயர் ஜில்லாவுல பஞ்சு மில்லு இருந்த ஊர்ல எல்லாம், போல்டன், பர்ன்லி, பிளாக்பர்ன், ஓல்டம், வருஷத்துக்கு ஒரு வாரம் மில்ல மூடிடுவாங்க, பாய்லர கழுவி ரிப்பேர் பாக்கறதுக்கு. வேக்ஸ் வீக்னு பேரு. ஒரு ஊருக்கு ஒரு வாரம், இன்னொரு ஊருக்கு அடுத்த வாரம்னு மாத்தி மாத்தி வரும், அந்தந்த வாரம் அந்த ஊரே காலியாகி மொத்தமா பிளாக்பூல்ல வந்து இறங்கும், பக்கத்து வீட்டுக்காரங்களே அங்கயும் பக்கத்து ரூம்ல இருப்பாங்க. முக்காவாசி பேருக்கு அந்த வாரத்துக்கு சம்பளம் கூட கிடையாது, சம்பளத்தோட லீவுன்னு சட்டம் வந்ததே 1938-லதான். அதனால வருஷம் பூரா வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கிளப்புல கட்டி சேத்து வெப்பாங்க, நம்ம தீபாவளி சீட்டு மாதிரி, எடுத்ததும் ஒரே வாரத்துல கடற்கரையில செலவழிச்சுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு போவாங்க.

இவங்க தங்கறதுக்காக வந்ததுதான் அந்த சின்ன சின்ன கெஸ்ட் ஹவுஸ் எல்லாம். தெரு தெருவா ஒட்டி ஒட்டி நிக்கும், எல்லா வீட்டுலயும் முன்னாடி ஒரு துருத்தின ஜன்னல், ஜன்னல்ல ரூம் காலி இருக்கு இல்லன்னு ஒரு போர்டு. அந்தக் காலத்துல வீட்டுக்காரம்மா ராஜ்யம்தான். வர்றவங்க அவங்கவங்க சாமான அவங்களே வாங்கிக் கொடுப்பாங்க, வீட்டுக்காரம்மா தனித்தனியா சமைச்சுக் குடுப்பா, மேசையில வெக்கிற உப்பு மிளகு குப்பிக்கு தனியா பில்லு போட்டதா இன்னிக்கும் கிண்டல் பண்றாங்க. காலைல சாப்பிட்டதும் வெளிய அனுப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் உள்ள வரக்கூடாது, மழை கொட்டினாலும் ரோட்டுலதான் நிக்கணும். இப்போ அதெல்லாம் இல்ல, வாசக்கதவு சாவியே கையில குடுத்துடறாங்க.

ஆனா நம்மாளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது நிறைய இருக்கு. இந்த வீடுங்கள்ல பெரும்பாலும் லிப்ட் கிடையாது. மூணு மாடி, செங்குத்தான குறுகலான படி, அதுல கார்பெட் வேற. புக் பண்ணும்போதே முழங்கால் வலின்னு சொல்லி கீழ் ரூம் கேட்டுடுங்க, ஆன்லைன்ல போடற போட்டோவுல படிக்கட்டு மட்டும் வரவே வராது. எங்களுக்கு மேல் மாடி குடுத்துட்டாங்க, வீட்டுக்காரம்மா நான் ரெண்டாவது படிக்கட்டுல நின்னு மூச்சு வாங்கறத பாத்துட்டு ஒண்ணும் பேசாம கீழ இன்னொரு ரூம திறந்து விட்டாங்க, எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. மதியம் ரெண்டு மூணு மணிக்கு மேலதான் ரூம் தருவாங்க, மறுநாள் காலைல பத்துக்கெல்லாம் காலி பண்ணணும், பெட்டிய மட்டும் வெச்சுட்டு போறேன்னா பெரும்பாலும் சரின்னுடுவாங்க. ரூம்ல ஒரு கெட்டில், டீ பேக், கட்டை விரல் அளவு பால் டப்பா இருக்கும், அதுல டீ போட்டா எங்க வீட்டுக்காரருக்கு டீன்னே தோணல, நாங்க பால் பவுடர் கொண்டு போயிருந்தோம்.

காலைல டிபன் ரூம் வாடகையோடயே சேந்து வரும். முந்தின நாள் ராத்திரியே என்ன வேணும்னு கேட்டு எழுதிக்குவாங்க. சைவம்னா அப்பவே தெளிவா சொல்லிடுங்க. தக்காளி, காளான், பீன்ஸ், ஹாஷ் பிரவுன், டோஸ்ட், சைவ சாசேஜ்னு தட்டு நிறைய வரும், மத்தியானம் வரைக்கும் பசிக்காது. பிளாக் புட்டிங்னு ஒண்ணு வட்டமா கறுப்பா இருக்கும், புட்டிங்னு பேர பாத்து இனிப்புன்னு நினைச்சுடாதீங்க, அது ரத்தத்துல பண்ணினது. அதவிட முக்கியம் சிப்ஸ். வட இங்கிலாந்துல நிறைய கடையில சிப்ஸ மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, அதுதான் ருசின்னு பெருமையா போர்டே வெச்சிருப்பாங்க. உருளைக்கிழங்குதானேன்னு நம்ம ஊரு மாமிங்க வாங்கி சாப்பிடறத நானே பாத்திருக்கேன், எப்படி சொல்றதுன்னு தெரியாம வாய மூடிக்கிட்டேன். எந்த எண்ணென்னு கேட்டுட்டு வாங்குங்க, வெஜிடபிள் ஆயில்ல பொரிக்கற கடையும் இருக்கு. வாங்கினத கையில திறந்து வெச்சுக்கிட்டு கடல் ஓரம் நடக்காதீங்க, சீகல்ங்கற கடல் பறவை வந்து பிடுங்கிட்டு போயிடும், அதுக்கு மனுஷன் பயமே கிடையாது.

இனி டவருக்கு வர்றேன். பாரிஸ் டவர பாத்துட்டு அது மாதிரி வேணும்னு கட்டி 1894-ல திறந்தது, 158 மீட்டர் உயரம், மேல கண்ணாடி தரை போட்டிருக்காங்க, காத்து பலமா அடிச்சா மேல விட மாட்டாங்க. கட்டுரைக்காரர் சொன்ன மாதிரி அத கீழ நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துட்டா பாதி போச்சு, ஏன்னா விஷயம் டவருக்கு அடியில இருக்கு. நாலு காலுக்கு நடுவுல சர்க்கஸ் அரங்கம். அதே கட்டடத்துல பால்ரூம், அதாவது ஜோடி ஜோடியா ஆடற நடன மண்டபம், 1899-ல வந்தது. உள்ள போனா ஏதோ ராஜா தர்பார், கூரை பூரா ஓவியம், தங்கக் கலர் வேலைப்பாடு, சரவிளக்கு, மேடைக்கு மேல ஷேக்ஸ்பியர் வரி ஒண்ணு பொறிச்சிருக்கு. தரை மட்டும் 30,602 மரத்துண்டு வெச்சு இழைச்சது. 1956-ல தீ பிடிச்சு தரையெல்லாம் நாசமாச்சு, திரும்ப அப்படியே பண்ணி எடுத்தாங்க. இத மில்லுல நூல் நூத்தவங்களுக்காக கட்டியிருக்காங்க, அத நினைச்சுப் பாருங்க, டிக்கெட் வாங்கினா யாரு வேணா உள்ள போலாம், ராஜா வீட்டுப் பிள்ளைக்கு தனி வாசல் இல்ல. இன்னிக்கும் மேடையில வுர்லிட்சர் ஆர்கன் வாசிக்கறாங்க, வாசிக்கறவரோட சேந்து தரைக்கு அடியில இருந்து மெதுவா எழும்பி வரும். எழுபது எண்பது வயசு ஜோடிங்க கைய பிடிச்சு சுத்தி சுத்தி ஆடறாங்க, புருஷன் போயிட்ட பாட்டிங்க ரெண்டு பேரா சேந்து ஆடறாங்க, யாரும் யாரையும் பாத்து சிரிக்கல. நாங்க மேசையில டீ வாங்கி வெச்சுக்கிட்டு மத்தியானம் பூரா உக்காந்துட்டோம். எங்க வீட்டுக்காரர் எனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு முறைச்சுக்கிட்டே வந்தாரு, அரை மணி கழிச்சு மேசைக்கு அடியில பாத்தா கால் தாளம் போடுது. டவர் வாசல்லயே தரையில காமெடி கார்பெட்னு ஒண்ணு பதிச்சிருக்காங்க, 2011-ல பண்ணினது, ஆயிரத்துக்கும் மேல காமெடியன்ங்க சொன்ன ஜோக்க கருங்கல்லுல எழுத்தா வெட்டி பதிச்சிருக்கு. எனக்கு பாதி ஜோக் புரியல, ஆனா காமெடிக்காரங்களுக்கு ஒரு ஊரு இவ்வளவு பெரிய கல்வெட்டு வெச்சுதே, அது பிடிச்சிருந்துச்சு.

ப்ளெஷர் பீச் பெரிய ரைடு பார்க், 1994-ல அங்க பிக் ஒன்னு ஒரு ரோலர் கோஸ்டர் வந்தப்போ உலகத்துலயே உயரமானது அதுதானாம், பேரன் பேத்திங்க கூட போறவங்க போங்க, நமக்கு அது ஆகாது. கடலுக்குள்ள நீட்டி பாலம் மாதிரி கட்டின பியர் மூணு இருக்கு, நார்த் பியர்தான் பழசு, 1863, அதுல மரப்பலகை மேல நடந்து போயி நுனியில உக்காரலாம். தண்ணி இறங்கற நேரம் பாத்தீங்கன்னா கடல் எங்க போச்சுன்னே தெரியாது, அவ்வளவு தூரம் உள்ள போயிடும், ஏறும்போது சுவத்துல அடிச்சு ரோடு நனைக்கும். மணல்ல கழுதை சவாரி உண்டு, அந்தக் கழுதைங்களுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு ரெஸ்ட், வெள்ளிக்கிழமை வார லீவு, முனிசிபாலிட்டி ரூலே போட்டு வெச்சிருக்கு. நம்ம ஊரு செக்யூரிட்டி ஆளுங்களுக்கு அது கிடைச்சா தேவல.

சரி, ராத்திரி விஷயம். ஆகஸ்ட் கடைசியில ஆரம்பிச்சு ஜனவரி முதல் வரைக்கும் இல்யூமினேஷன்ஸ், ஊர்க்காரங்க சும்மா லைட்ஸ்னுதான் சொல்றாங்க. கடல் ஓரமா ஆறு மைலுக்கு பத்து லட்சத்துக்கும் மேல பல்பு. டிக்கெட் கிடையாது, ரோட்டுல நின்னா போதும். 1879-ல எட்டே எட்டு ஆர்க் விளக்க கம்பத்துல ஏத்தி காமிச்சாங்களாம், எடிசன் பல்பு கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, அத பாக்கவே ரயில் ரயிலா கூட்டம் வந்துச்சாம். கோடை சீசன் முடிஞ்சு கடை காத்து வாங்கற மாசத்துல ஆள வரவழைக்கறதுக்கு கண்டுபிடிச்ச வழி இது, வியாபாரிங்க மூளைதான், ஆனா என்ன மூளை பாருங்க. ரெண்டாவது உலகப் போர் வந்தப்போ அணைச்சது, திரும்ப 1949-லதான் ஏத்தினாங்க. இத அரை நாள்ல எப்படி சார் பாக்கறது? இருட்டினாதான் போடுவாங்க. எத்தனை மணிக்கு அணைப்பாங்கங்கறதும் கிழமைக்கு கிழமை மாறும், முன்னாடியே பாத்து வெச்சுக்கணும். கார்ல போறவங்க ஊர்ந்து ஊர்ந்து போறாங்க, ட்ராம்ல போறதுதான் சுகம், சில ராத்திரி பழைய காலத்து ட்ராமயும் லைட்ஸ் பாக்கறதுக்குன்னே விடறாங்க.

ட்ராம்னு சொன்னதும் நம்ம ஊரு ஞாபகம் வராம இருக்குமா. பிளாக்பூல்ல 1885-ல கரண்ட் ட்ராம் விட்டாங்க. 1962-ல கிளாஸ்கோவும் நிறுத்தினப்புறம் 1992 வரைக்கும் பிரிட்டன்ல ஊருக்குள்ள ஓடினது பிளாக்பூல் ட்ராம் ஒண்ணுதான், மத்த ஊரெல்லாம் பஸ்தான் மாடர்ன்னு தண்டவாளத்த பிடுங்கிப் போட்டுடுச்சு. நம்ம பம்பாயும் 1964 மார்ச்ல அதே மாதிரி கடைசி ட்ராம ஓட்டிட்டு மூடிட்டாங்க, தாதர் வரைக்கும் அதுல போனத எங்க மாமனார் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அங்க ஸ்டார் கேட்ல ஏறினா ப்ளீட்வுட் வரைக்கும் 11 மைல், பாதி தூரத்துக்கு மேல கடல பாத்துக்கிட்டே போலாம், வானம் தெளிவா இருந்தா ப்ளீட்வுட்ல இருந்து வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் லேக் டிஸ்ட்ரிக்ட் மலை தெரியும்.

ஊரு சொர்க்கம்னு நான் சொல்ல வரல. ஸ்பெயினுக்கு சீப்பா ப்ளேன் டூர் வந்துச்சு, மில்லும் ஒவ்வொண்ணா மூடினாங்க, கூட்டம் குறைஞ்சுச்சு. 2019-ல அரசாங்கம் எடுத்த கணக்குல இங்கிலாந்துலயே வசதி குறைஞ்ச ஊர்னு முதல் இடம் பிளாக்பூலுக்குத்தான். பழைய கெஸ்ட் ஹவுஸ் நிறைய ஒத்த ரூம் வாடகை வீடா மாறிடுச்சு, ஒரு தெரு பளபளன்னு இருக்கும், அடுத்த தெரு பலகை அடிச்சு கிடக்கும். அதனால விலைய மட்டும் பாத்து புக் பண்ணாதீங்க, சமீபத்துல தங்கினவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க, குறிப்பா படுக்கை சுத்தம் பத்தி. வெள்ளி, சனி ராத்திரி வேண்டாம், கல்யாணம் ஆகப்போற பசங்களும் பொண்ணுங்களும் கோஷ்டி கோஷ்டியா குடிச்சுட்டு விடிய விடிய கத்துவாங்க. திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள போனா வாடகையும் குறைவு, எங்களுக்கு லண்டன்ல ஒரு ரூமுக்கு குடுத்ததுல பாதி கூட ஆகல. குடை கொண்டு போகாதீங்க, அந்தக் காத்துல மடங்கிடும், தலைய மூடற ரெயின்கோட்தான்.

இன்னொண்ணு, மும்பைக்காரி அந்த ஊர்ல நின்னா இத நினைக்காம இருக்க முடியாது. அந்த மில்லு ஓடினதுல நம்ம பஞ்சுக்கும் பங்கு உண்டு. 1861-ல இருந்து 65 வரைக்கும் அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்து பஞ்சு வராம லங்காஷயர் பட்டினி கிடந்தப்போ பம்பாய்தான் கப்பல் கப்பலா அனுப்பி பணக்கார ஊரா ஆச்சு. அந்த மில்லுத் துணி வந்துதான் நம்ம நெசவுக்காரங்க பொழப்பு போச்சு, அதுவும் உண்மை. 1931-ல காந்தி லங்காஷயர்ல டார்வென் வரைக்கும் போயி, துணி பகிஷ்காரத்தால வேலை போன ஊர்லயே நின்னாரு, மில்லு பொம்பளைங்க அவர சுத்தி நின்னு சிரிக்கற போட்டோ இருக்கு. அந்தப் பொம்பளைங்களுக்கு வருஷத்துக்கு ஒரு வாரம் போறதுக்கு ஒரு கடற்கரை இருந்துச்சு, தங்க இடம் இருந்துச்சு, ஆடறதுக்கு ராஜா மாளிகை இருந்துச்சு. நம்ம பரேல், லால்பாக் மில்லு ஆளுங்களுக்கு கடல் நடந்து போற தூரம்தான், 1982 ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் மில்லு நிலத்துல மாலும் டவரும் வந்துச்சு, அவங்க பிள்ளைங்க அங்க வாசல்ல நிக்கறாங்க. ஜுஹுவுல கடல் தெரியற ரூம்ல ஒரு ராத்திரி தங்க சாதாரண குடும்பத்தால முடியுமா? சௌபாட்டியில பேல்பூரி தின்னுட்டு கடைசி லோக்கல பிடிக்க ஓட வேண்டியதுதான். கடல் ஓரமா கோஸ்டல் ரோட்டுக்கு காசு இருக்கற இந்த ஊர்ல, டோம்பிவிலியில இருந்து வர்ற ஒரு குடும்பம் சனிக்கிழமை தங்கிட்டு போறதுக்கு நாலு சுத்தமான தங்கும் விடுதி கட்டறதுக்கு முனிசிபாலிட்டிக்கு மனசு வராதா? இத உங்க நிருபர் யாராவது கேட்டு எழுதினா புண்ணியமா போகும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். எங்க சொசைட்டியிலயே ஒரு தம்பதி வர்ற செப்டம்பர்ல பையன் வீட்டுக்கு மான்செஸ்டர் போறாங்க. பிளாக்பூல்ல ஒரு ராத்திரி தங்கறதா இருந்தவங்க உங்க கட்டுரைய படிச்சுட்டு அத அடிச்சுட்டாங்க, அந்தக் காசுக்கு லண்டன்ல மெழுகு பொம்மை பாக்கப் போறாங்களாம். நான் வாயால சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க, பேப்பர்ல வந்தா நம்புவாங்க. புக்கிங்க கேன்சல் பண்றதுக்கு இன்னும் நாள் இருக்குன்னு அந்த மாமி சொன்னாங்க, அதுக்குள்ள இத போட்டுடுங்க.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாசகி ஒருத்தி,
மும்பை